பெயர் அழித்த இரண்டு செட் சக்கரங்கள்: ஃப்ரீரைடு சோதனை (திருத்தம் இழையின் பின்பகுதியில்)

சரிவுமணி (வான்கூவர்) — ஞாயிறு, இரவு 9:10

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குக் கொடுத்துவிட்டேன். "சைக்கிள் கடைக்காரர்கூட ஞாயிறு கடையைச் சாத்துவார், நீங்கள் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறீர்கள்" என்று மனைவி சொல்லிவிட்டாள். அதனால் முடிவுகளை எங்காவது எழுதி வைத்தாக வேண்டும்.

லாங்போர்டுக்கு (நின்றபடி சரிவில் இறங்கும் நீளமான ஸ்கேட் பலகை) இரண்டு செட் ஃப்ரீரைடு சக்கரங்கள், அதாவது சறுக்கிச் சறுக்கி இறங்குவதற்கானவை. வெவ்வேறு நிறுவனங்கள். இரண்டும் 70 மி.மீ., இரண்டிலும் கடினம் 80ஏ என்று அச்சிட்டிருக்கிறது, நிறமும் கிட்டத்தட்ட ஒன்றே. உப்புத்தாளால் பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டேன். நண்பர் ஒருவர் உள்பக்கம் ஒரு செட்டுக்கு ஒற்றைப் புள்ளியும் இன்னொன்றுக்கு இரட்டைப் புள்ளியும் வைத்தார். எது எந்த நிறுவனத்துடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெயர் தெரிந்தால் இங்கே சோதனையைப் பற்றிப் பேச மாட்டோம், கட்சி கட்டுவோம்.

இடம்: புறநகரில் இன்னும் வீடு எழும்பாத மனைப்பிரிவுச் சாலை. உரிமையாளரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன், வண்டி நடமாட்டம் இல்லை. புதுத் தார், ஒரே சீரான இறக்கம். என் எடை 72 கிலோ. ட்ரக்குக்கு (சக்கரங்களைத் தாங்கித் திசை திருப்பும் அச்சு) மேலே பூட்டும் பலகை, முன் ட்ரக் 50 பாகை, பின் ட்ரக் 42 பாகை, நான்கு இடத்திலும் 87ஏ பீப்பாய் வடிவப் புஷிங் (ட்ரக் சாயும்போது அழுந்தும் ரப்பர் போன்ற வளையம்). மேலே ஒரு சாக்பீஸ் கோடு. அங்கிருந்து காலால் தள்ளாமல் இறங்கி, கீழே இரண்டாவது கோட்டில் பலகையைக் குறுக்கே திருப்பி, குதிகால் பக்கம் நின்றபடி நிற்கும்வரை சறுக்க வேண்டும். ஒவ்வொரு செட்டிலும் ஆறு முறை.

ஒற்றைப் புள்ளி: சராசரி 12 மீட்டர். இரட்டைப் புள்ளி: 15 மீட்டர். கால் பங்கு கூடுதல். இரட்டைப் புள்ளிதான் நன்றாக வழுக்குகிறது என்று எழுதி முடித்துவிடலாம் என நினைக்கிறேன். தேய்மானத்தை வெர்னியரால் அளக்கப் போய், சக்கரம் கூம்பாகத் தேய்வதால் எந்த இடத்தில் பிடித்தாலும் ஒவ்வோர் எண் வந்தது. சமையலறைத் தராசில் எடை போட்டதுதான் உருப்படியாக இருந்தது.

வெறுங்கணுக்கால் (சியாட்டில்) — ஞாயிறு, இரவு 10:02

வெர்னியரோடு மலை இறங்குகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். வாழ்த்துகள்.

ஆனால் மணி, எத்தனை மீட்டர் சறுக்கியது என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. சறுக்கல் முடிகிற இடத்தில் சக்கரம் என்ன செய்கிறது? அதுதான் கேள்வி. சில சக்கரங்கள் வெண்ணெய்போல் போய், வேகம் குறைந்ததும் மெல்லப் பிடிமானத்துக்குத் திரும்பும். சில சக்கரங்கள் அப்படியே போய்க்கொண்டிருந்து, திடீரெனத் தார்ச்சாலையைக் கவ்வும். கவ்விய நொடியில் பலகை அங்கேயே நிற்கும், நீங்கள் மட்டும் முன்னால் போவீர்கள். எனக்கு இடது தோள்பட்டை இறங்கியது அப்படித்தான். அந்தச் சக்கரம் எத்தனை மீட்டர் சறுக்கியது என்று அன்று யாரும் அளக்கவில்லை.

பதினொரு வருடமாக ஓட்டுகிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் என் சக்கரம் எது என்று கால் சொல்லிவிடும்.

பனிமலை (சூரிச்) — திங்கள், காலை 6:48

அண்ணா, மூன்று கேள்வி. ஒற்றைப் புள்ளியைக் காலையில் ஓட்டினீர்களா, மாலையில் ஓட்டினீர்களா? அன்று சாலையின் சூடு என்ன? கீழ்க்கோட்டுக்கு வரும்போது உங்கள் வேகம் என்ன?

மூன்றாவதுதான் முக்கியம். ஒரே உராய்வில் சறுக்கும் தூரம், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 40 கி.மீ.யில் வந்து 12 மீட்டர் சறுக்குகிற அதே சக்கரம், 44 கி.மீ.யில் வந்தால் பதினான்கரை மீட்டர் சறுக்கும். வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால் தூரம் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் கூடும். நீங்கள் சொல்கிற 15 மீட்டருக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டோம் பாருங்கள்.

செல்பேசியின் ஜி.பி.எஸ்.ஸை இந்தச் சிறிய தூரத்துக்கு நம்பாதீர்கள். கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகளை வையுங்கள். பக்கவாட்டில் செல்பேசியை நிறுத்தி, நொடிக்கு 240 சட்டகம் வைத்து மெதுவோட்டக் காணொளி எடுங்கள். முதல் கூம்பிலிருந்து இரண்டாவது கூம்புக்கு 108 சட்டகம் ஆனால் 40 கி.மீ. வேகம். 98 ஆனால் 44. எண்ணுவது அலுப்பான வேலை, ஆனால் பொய் சொல்லாது.

சரிவுமணி — திங்கள், காலை 7:30

ஒற்றைப் புள்ளி காலை எட்டு மணி. இரட்டைப் புள்ளி மதியம் இரண்டு. வேகம் அளக்கவில்லை. தள்ளாமல் ஒரே கோட்டிலிருந்து இறங்குவதால் ஒரே வேகம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

இதை எழுதும்போதே ஓட்டை தெரிகிறது.

யூரித்தேன்காரர் (அம்பத்தூர்) — திங்கள், மாலை 5:15

பலகையில் நான் ஏறியதில்லை. ஏறினால் எலும்பு மருத்துவருக்குத்தான் வருமானம். ஆனால் இருபது ஆண்டுகளாகப் பாலியூரித்தேன் உருளை வார்க்கிறேன், அதனால் இரண்டு வார்த்தை.

80ஏ என்று அச்சிட்டிருப்பது ஷோர் ஏ கடினம். ஒரு சின்ன ஊசி முனையை ரப்பர்மேல் அழுத்தினால் எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பதுதான் அந்த எண். அவ்வளவே. சக்கரம் தாரில் வழுக்குமா, துள்ளுமா, சூட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பதையெல்லாம் அது சொல்லாது. ஒரே நாளில் ஒரே அச்சில் வார்த்த இரண்டு உருளைகளே இரண்டு மூன்று புள்ளி மாறி நிற்கும். அதே உருளையை வெயிலில் வைத்து அளந்தால் எண் இறங்கும். ஆகவே இரண்டு நிறுவனங்களின் 80ஏ ஒன்று என்று நினைப்பது, இரண்டு ஊரின் படி ஒன்று என்று நினைப்பது மாதிரி.

வழுக்கலைத் தீர்மானிப்பது கலவை. உங்கள் உலகத்திலேயே சாட்சி இருக்கிறது: பவல் பெரால்ட்டாவின் ஸ்னேக்ஸ் சக்கரத்துக்கு எண் 75ஏ. எண்ணை மட்டும் பார்த்தால் 80ஏ-யைவிட மிருது, தாரை விடாமல் பிடிக்க வேண்டும். ஆனால் அதைச் சறுக்குவதற்கென்றே வாங்குகிறார்கள் என்று என் தம்பி மகன் சொல்கிறான்.

இன்னொன்று துள்ளல். ஓர் எஃகுக் குண்டை ஒரே உயரத்திலிருந்து இரண்டு சக்கரத்தின் மேலும் போடுங்கள். அதிகம் துள்ளவிடுகிற யூரித்தேன், அழுந்தும்போது வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுக்கிறது. கொடுக்காதது அதைச் சூடாக்கி வீணடிக்கிறது. அப்படியானால் ஒரே கோட்டிலிருந்து இறங்கினாலும் எது வேகமாக உருளும்?

புதுச் சக்கரத்தின் மேல் அச்சுத் தோல் ஒன்று பளபளப்பாக இருக்கும். அது தேயும்வரை எந்த அளவும் அளவல்ல.

கொல்லிமலைக்காரன் (நாமக்கல்) — திங்கள், இரவு 8:20

அண்ணன்களுக்கு வணக்கம். கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஆறு மாதமாக லாங்போர்டு ஓட்டுகிறேன், வளாகத்துச் சரிவில் மட்டும். வேகம் கூடியதும் பலகை இடமும் வலமும் ஆட்டம் காண்கிறது. ட்ரக் நட்டை இறுக்கினேன், கொஞ்சம் குறைந்தது. இன்னும் இறுக்கலாமா? எங்கள் ஊர்ப் பக்கம் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. பயிற்சிக்குச் சரியாக இருக்குமா?

வெறுங்கணுக்கால் — திங்கள், இரவு 8:41

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடாது தம்பி. அது பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்குகிற பொதுச் சாலை. வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாத இடத்தில் எந்தச் சக்கரமும் எந்த ஹெல்மெட்டும் உன்னைக் காப்பாற்றாது. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

முதல் கேள்வி. நட்டை இறுக்காதே. புஷிங்கைப் பக்கத்திலிருந்து பார்: வாஷருக்கு வெளியே தொப்பைபோலப் பிதுங்கி நிற்கிறதா? நிற்கிறதென்றால் உன் எடைக்கு அது மிருதுவான புஷிங். அதை நசுக்கி நசுக்கிக் கடினமாக்கிக்கொண்டிருக்கிறாய். அப்படி நசுங்கியது நடுவில் செத்துக் கிடக்கும், ஓரத்தில் திடீரென்று உதைக்கும். கழற்றிவிட்டு இரண்டு மூன்று எண் கடினமான பீப்பாய்ப் புஷிங் போட்டு, வாஷர் கையால் சுழலாத அளவுக்கு மட்டும் பூட்டு.

ஆட்டத்தின் வேர் பெரும்பாலும் பின் ட்ரக்கில் இருக்கும். பின்காலில் எடை வைத்து நின்றால் பின் ட்ரக் திசை திருப்ப ஆரம்பிக்கும். தள்ளுவண்டியைப் பின்னோக்கி வேகமாகத் தள்ளிப் பார், புரிந்துவிடும். எடையில் பாதிக்குமேல் முன்காலில் வை. மணி தன் பலகையில் முன்னால் 50, பின்னால் 42 வைத்திருப்பது இதற்குத்தான்: முன்பக்கம் திரும்பட்டும், பின்பக்கம் சும்மா தொடர்ந்து வரட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கக் கற்றுக்கொள். காலால் தேய்த்து நிறுத்துவது முதல் பாடம். கையுறை ஊன்றிச் சறுக்குவது அடுத்தது. கிளிஃப் கோல்மன் 1970களில் பெர்க்லி மலைகளில் கண்டெடுத்த அந்தச் சறுக்கலைத்தான் இன்றும் எல்லாரும் முதலில் பழகுகிறார்கள்.

பனிமலை — செவ்வாய், காலை 7:05

காலால் தேய்ப்பதற்கு ஒன்று சேர்க்கிறேன். சாதாரணக் காலணி ஒரு மாதம்கூடத் தாங்காது. பழைய கார் டயரின் மேற்பட்டையை வெட்டி அடியில் ஒட்டுகிறவர்கள் உண்டு. நம் ஊர் டயர் செருப்பு நினைவிருக்கிறதா? அதே சங்கதிதான்.

கைகளுக்கும் அப்படியே. கையுறையின் உள்ளங்கையில் ஒட்டும் வட்டத் தட்டைக் கடையில் டெல்ரின், கோரியன் என்று விற்கிறார்கள். வீட்டில் செய்ய வேண்டுமானால், காய்கறி நறுக்கும் தடித்த பிளாஸ்டிக் பலகை போதும். துளையிடும் இயந்திரத்தில் வட்ட ரம்பம் மாட்டி ஒரு வட்டம் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் மழுக்குங்கள். மழுக்காவிட்டால் தாரில் ஓரம் மாட்டி மணிக்கட்டைத் திருப்பிவிடும். பின்னால் நல்ல வெல்க்ரோவை ஒட்டுங்கள். கோரியன் தட்டு அதிக நாள் உழைக்கும், கடகடவென்று சத்தம் போடும். நறுக்கும் பலகை வேகமாகத் தேயும், ஆனால் காசு இல்லாத காலத்தில் நான் அதில்தான் பழகினேன்.

பதின்மவயதின்_அம்மா (பிராம்ப்டன்) — செவ்வாய், மாலை 6:30

வணக்கம். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. என் மகனுக்குப் பதினாறு வயது. உங்கள் இழையைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிப்போயிருந்தான், முழுவதும் படித்தேன். பிறந்தநாளுக்குச் சக்கரம் கேட்கிறான். மணிக்கு 146 கி.மீ. வேகத்தில்கூட ஒருவர் போயிருக்கிறார் என்கிறான். உண்மையா? வாங்கித் தருவதென்றால் எதை முதலில் வாங்க வேண்டும்?

சரிவுமணி — செவ்வாய், மாலை 7:12

உண்மைதான் அம்மா. பீட் கானலி, 2017, கியூபெக்கின் லே எபூல்மான், 146.73 கி.மீ. ஆனால் மூடிய சாலை, உடம்போடு ஒட்டிய உடை, அதற்கென்றே செய்த ஹெல்மெட், பல வருடப் பயிற்சி. மகன் இந்த இரண்டாம் பாதியைச் சொல்லியிருக்க மாட்டான்.

சக்கரம் வேண்டாம், முதலில் ஹெல்மெட். சாதாரணச் சறுக்கலுக்கு ஏஎஸ்டிஎம் எஃப்1492 தரம் பெற்ற ஸ்கேட் ஹெல்மெட், மலை இறங்குவதற்கு முகத்தையும் தாடையையும் மூடும் முழு ஹெல்மெட். சுவிட்சர்லாந்தின் டிஎஸ்ஜி செய்கிற பாஸ் என்ற வகையைப் பந்தயங்களில் நிறையத் தலைகளில் பார்க்கலாம். கெட்டியான வெள்ளை நுரை வைத்த ஹெல்மெட் பலமாக ஒரு முறை அடிபட்டால் அதன் ஆயுள் முடிந்தது. வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் உள்ளே நுரை நசுங்கியிருக்கும், திரும்ப எழாது. அதனால் பழையதை யாரிடமும் வாங்காதீர்கள். அளவு முக்கியம்: தலையில் மாட்டி இரண்டு கையாலும் அசைத்தால் நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும்.

அடுத்து சறுக்குக் கையுறை, முழங்கால் கவசம். மிச்சம் இருந்தால் சக்கரம். இருக்கிற சக்கரம் போதும்.

வெறுங்கணுக்கால் — செவ்வாய், இரவு 8:00

மணி சொன்னதில் ஒரு வார்த்தை மாற்றமில்லை. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி நடக்காது.

சரிவுமணி — அடுத்த ஞாயிறு, இரவு 9:45

திருத்தம்.

மறுபடி செய்தேன். இந்த முறை ஒற்றை, இரட்டை, இரட்டை, ஒற்றை என்ற வரிசையில் மாற்றி மாற்றி மாட்டினேன். வெயில் ஏறுவது இரண்டுக்கும் சமமாகப் பங்காகட்டும் என்று. மாட்டியது நண்பர், நான் மறுபக்கம் திரும்பி நின்றேன். கூம்பு, மெதுவோட்டக் காணொளி எல்லாம் பனிமலை சொன்னபடி. சட்டகம் எண்ணி எண்ணிக் கண் பூத்துவிட்டது.

ஒற்றைப் புள்ளி கூம்புகளைக் கடக்க ஏறக்குறைய 108 சட்டகம். இரட்டைப் புள்ளி 99, சில ஓட்டங்களில் 98. அதாவது இரட்டைப் புள்ளி ஒவ்வொரு முறையும் மணிக்கு நான்கு கி.மீ. கூடுதல் வேகத்தோடு கோட்டுக்கு வந்திருக்கிறது. பிறகு மேல்க்கோட்டைச் சற்றுக் கீழே இறக்கி, இரட்டைப் புள்ளியையும் 40 கி.மீ.யில் வரவைத்தேன். சறுக்கல் பன்னிரண்டரை மீட்டர். ஒற்றைப் புள்ளிக்கே ஓட்டத்துக்கு ஓட்டம் முக்கால் மீட்டர் மாறுகிறது. எனவே வித்தியாசம் என்று சொல்லத் தக்கதாக எதுவும் இல்லை.

வேகமாக உருளும் சக்கரத்தை நான் வழுக்கும் சக்கரம் என்று எழுதிவிட்டேன். முதல் பதிவை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

அம்பத்தூர் ஐயா சொன்ன குண்டுச் சோதனையையும் செய்தேன். மீட்டர் அளவுகோலைச் சுவரில் ஒட்டி, பழைய கதவுக் கீலிலிருந்து எடுத்த எஃகுக் குண்டைப் போட்டேன். இரட்டைப் புள்ளியில் அது நான்கு விரற்கடை உயரம் கூடத் துள்ளுகிறது. மகள் பார்த்துவிட்டுத் தானும் போட ஆரம்பித்ததில் குண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

ஒரு சேதமும் நடந்தது. கடைசி ஓட்டத்தில் களைத்துப்போய்ப் பலகையைச் சரியாகத் தொண்ணூறு பாகைக்குத் திருப்பிவிட்டேன். சக்கரம் உருளாமல் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டை விழுந்துவிட்டது. கட்டைவிரலால் தடவினால் நகம் அகலத்துக்கு ஒரு சமதளம். திரும்பி வரும்போது தடக் தடக் என்று மாட்டுவண்டிச் சத்தம். சாலையிலோ சறுக்கிய இடமெல்லாம் வெள்ளைக் கோடுகள், மார்கழி வாசல் மாதிரி.

யூரித்தேன்காரர் — திங்கள், காலை 10:20

குண்டு பேசிவிட்டது. நல்லது.

உங்கள் விளையாட்டின் கதையே இந்தத் துள்ளலில்தான் தொடங்கியது. களிமண் கலவைச் சக்கரங்கள் கூழாங்கல்லில் மாட்டி ஆளைக் குப்புறத் தள்ளிய காலத்தில், ஃபிராங்க் நாஸ்வர்தி 1970களின் தொடக்கத்தில் யூரித்தேன் சக்கரத்தை ஸ்கேட்டுக்குக் கொண்டுவந்தார். வர்ஜீனியாவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ரோலர் ஸ்கேட்டுக்காக வார்த்து வைத்திருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம். எங்கள் தொழிலில் யாரோ ஒதுக்கி வைப்பது இன்னொருவருக்குப் பிழைப்பாகும்.

வெறுங்கணுக்கால் — திங்கள், காலை 11:05

சரி, ஒப்புக்கொள்கிறேன், நல்ல வேலை. ஆனால் நான் கேட்டது இன்னும் பாக்கி. பிடிமானம் எப்படித் திரும்புகிறது? மேரிஹில்லுக்கு வருகிறாய் அல்லவா, இரண்டு செட்டையும் கொண்டு வா.

சரிவுமணி — மூன்று வாரம் கழித்து, திங்கள், இரவு 10:30

மேரிஹில்லிலிருந்து திரும்பிவிட்டோம். தெரியாதவர்களுக்கு: வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றுக்கு மேலே, சாமுவேல் ஹில் என்பவர் நூறு வருடத்துக்கு முன் தன் பணத்தில் போட்ட வளைவுச் சாலை. தார் போடும் முறைகளைச் சோதித்துப் பார்க்கவே போட்டார். இன்று அதில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஃப்ரீரைடு நாட்களில் மட்டும் நம்மை லாரியில் ஏற்றி மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். வளைவுகளில் வைக்கோல் கட்டு, புல்வெளி, காற்று. சோதனைக்கென்றே பிறந்த சாலையில் சோதனை செய்தோம் என்று வையுங்கள்.

கணுக்கால்காரரை மறுபக்கம் திருப்பி நிறுத்தி, நண்பர் சக்கரம் மாட்டினார். நான்கு இறக்கம். ஒவ்வொன்றுக்கும் பிறகு இரண்டு கேள்வி: எந்த நிறுவனம், எந்தப் புள்ளி?

நிறுவனத்தின் பெயரை நான்கு முறையும் தவறாகச் சொன்னார். பதினொரு வருடமாகத் தான் ஓட்டுகிற நிறுவனத்தையே "இது நான் காசு கொடுத்து வாங்க மாட்டேன்" என்றார். நண்பர் உறையைப் பிரித்துக் காட்டியபோது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் புள்ளியை நான்கு முறையும் சரியாகச் சொன்னார். "இது கடைசியில் கவ்வுகிறது, இது கரைகிறது" என்று அவர் சொன்னது ஒரு முறைகூடப் பிசகவில்லை. கரைவது ஒற்றைப் புள்ளி. என் காணொளியில் திரும்பப் போய்ப் பார்த்தேன்: இரட்டைப் புள்ளியில் சறுக்கலின் கடைசி ஒரு மீட்டரில் பலகை மூன்று நான்கு சட்டகத்துக்குள் நின்றுவிடுகிறது, என் இடுப்பு மட்டும் முன்னால் போகிறது. அளவு அங்கேயேதான் இருந்திருக்கிறது. நான் தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் கண்ணில் படவில்லை.

வெறுங்கணுக்கால் — திங்கள், இரவு 10:52

பெயர் விஷயத்தை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை என்று வண்டியில் வரும்போது பேசிக்கொண்டோமே.

கொல்லிமலைக்காரன் — செவ்வாய், காலை 9:15

அண்ணா, கடினமான புஷிங் மாற்றினேன், முன்காலில் எடை வைத்தேன். வளாகத்துச் சரிவில் ஆட்டம் நின்றுவிட்டது. இப்போது காலால் தேய்த்து நிறுத்தப் பழகுகிறேன். எங்கள் தெருவில் செருப்புத் தைக்கிற தாத்தாவிடம் டயர்ப் பட்டை கேட்டேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். ஒட்டிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். "உன் பெரியப்பாவும் இப்படித்தான்" என்றார். எனக்குப் பெரியப்பாவே இல்லை.

பதின்மவயதின்_அம்மா — செவ்வாய், மாலை 6:05

ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் வாங்கிக் கொடுத்தாயிற்று, நன்றி. சக்கரம் கிறிஸ்துமஸுக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். கையுறைக்கு நானே செய்துகொள்கிறேன், காசு வேண்டாம் என்றான். பொறுப்பு வந்துவிட்டதே என்று மகிழ்ந்தேன். இன்று சாம்பாருக்கு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தால், பலகையில் நேர்த்தியாக இரண்டு வட்ட ஓட்டை. சூரிச்சில் இருக்கும் தம்பி, உங்களிடம்தான் கேட்கிறேன்: இது இனிமேல் எதற்காவது உதவுமா?

பனிமலை — செவ்வாய், மாலை 6:20

மன்னியுங்கள் அக்கா. ஓரத்தை மழுக்கினானா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.